பிரிண்டருக்குப் பதில் சொன்ன ஃபயர்வால்

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் ஓடுகிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் எல்லோரும் டிஸ்பாட்ச் அறை வாசலில் இருக்கிற மர அடுக்கில் போனை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அடுக்கில் கிடக்கிற போன் அடித்தால், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் எடுத்துப் பேசிவிடுவார். யாருடைய போன் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பெண்டாட்டி கூப்பிட்டால் "சாப்ட்டாருங்க, இப்பதான் கை கழுவுறாரு" என்பார்கள். சீட்டுக்காரர் கூப்பிட்டால் "ஊர்லயே இல்லீங்க" என்பார்கள். கேட்டவர் நிம்மதியாக வைத்துவிடுவார். இதை ஓர் உதவி என்றுதான் எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எத்தனையோ பேருக்காக எடுத்துப் பேசியிருக்கிறேன்.

ஓசூரில் வண்டிகளின் பிரேக்குக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே கம்ப்யூட்டர், சர்வர், ஒயர், பிரிண்டர் எல்லாம் என் தலையில். என்னை எல்லோரும் ஐடி அக்கா என்பார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன், மற்றவர்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் டிஸ்பாட்ச் இன்சார்ஜுக்கு நிச்சயம். சொந்த ஊர் நாகரசம்பட்டி. ஆள் ஆறடி, குரல் லாரி ஹாரன், மனசு மட்டும் வாழைப்பழம். வயசு முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது. பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒன்று தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வேப்பனப்பள்ளியில் ஒரு பெண். ஒரு கிரகப்பிரவேசத்தில் பார்த்தானாம், அதிலிருந்து பையன் டீ குடிக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் பெண் பார்க்க நாள் குறித்தபோது ஸ்டாக் எடுக்கிறோம் என்று கம்பெனி பிடித்து வைத்துக்கொண்டது. மறுபடி நாள் குறித்தபோது போனான், ஆனால் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு போனான். பெண்ணின் தாய்மாமன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

இந்த லட்சணத்தில், நிச்சயத்தன்று அவன் வேலைக்கு வந்திருந்தான். டிஸ்பாட்ச்சில் அவனோடு இருக்கிற இன்னொரு இன்சார்ஜுக்கு அம்மை போட்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அம்மா, சொந்தபந்தமெல்லாம் காலையிலேயே வேன் பிடித்து வேப்பனப்பள்ளி போய்விட்டார்கள். மத்தியானம் சென்னைப் பக்கம் போகிற லாரியை ஏற்றி அனுப்பிவிட்டு இவன் நேராக அங்கே போய்விட வேண்டும். பொழுது சாய்வதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. பட்டுச் சட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு ஆணியில் மாட்டி வைத்திருந்தான்.

"அக்கா, லாரி போன அடுத்த நிமிஷம் நான் கெளம்பிடுவேன்" என்றான்.

"போடா மாப்பிள்ளே, போய் முதல்ல பெட்டியை எண்ணு" என்றேன்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் லேபிள் பிரிண்டர் நின்றுவிட்டது.

லேபிள் இல்லாமல் லாரி போக முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் பார்கோடு ஒட்டியிருந்தால்தான் சரக்கை வாங்குகிற சென்னைக் கார் கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ளேயே விடுவான். கையால் எழுதி ஒட்டினால் சிரிப்பான். லாரி போகாவிட்டால் அங்கே அவர்கள் கார் செய்கிற லைன் நின்றுவிடும் என்று எங்கள் மேனேஜர் ஒற்றைக் காலில் நின்றார். பிரிண்டரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினால் ஆகாதா என்று கேட்பீர்கள், மேனேஜரும் கேட்டார். லேபிள் வருவது சர்வரிலிருந்து, சர்வர் இருப்பது அடுத்த கட்டடத்தில்.

நான் போய்ப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன். பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கொஞ்சம் லேபிள் சரசரவென்று வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். உடனே நின்றுவிட்டது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி கொஞ்சம் வந்தது, நின்றது. பிரிண்டரைத் திட்டினேன். பெட்டிகளுக்கு நடுவில் மாப்பிள்ளை நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அக்கா, ஆயிடுமா அக்கா?"

"ஆயிடும் ஆயிடும், என் மூஞ்சிய பாக்காதே, வேலையைப் பாரு."

இதற்கிடையில் அடுக்கில் இருந்த அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் உள்ளே பேக்கிங்கில் நின்றான். எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முதலில் எடுத்தது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பாய். "மாப்பிள்ளை சூளகிரி தாண்டிட்டாரு, வந்துனே இருக்காரு" என்றார். அடுத்து அடித்தபோது எடுத்தது குவாலிட்டியில் இருக்கிற பெண். அவள் பங்குக்கு, "கிருஷ்ணகிரி டோல்கேட்ல மாட்டிக்கிட்டாருங்க, செம்ம டிராபிக்" என்றாள். அதற்கடுத்து எடுத்தவர் கேட் செக்யூரிட்டி. அவர் மட்டும் கொஞ்சம் நியாயஸ்தர். முழுப் பொய் சொல்ல மனசு வராமல், "இப்பத்தான் கேட்டைத் தாண்டினாருங்க" என்றிருக்கிறார். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று பேரும் நல்லது செய்த திருப்தியோடு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மறுபடி அடித்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். எடுத்தேன். தாய்மாமன். தெலுங்கும் தமிழுமாகப் பொரிந்து தள்ளினார்.

"எக்கட உன்னாரு, எங்கம்மா மாப்பிள்ளை? ஒருத்தன் சூளகிரிங்கிறான், ஒருத்தி டோல்கேட்டுங்கிறா, இன்னொருத்தன் இப்பதான் கேட்டைத் தாண்டினாருங்கிறான். மாப்பிள்ளை முன்னால வர்றாரா, பின்னால போறாரா? ஒரு ஆளுக்கு எத்தினி பேரும்மா பதில் சொல்லுவீங்க?"

"அண்ணா, அது வந்து..." என்றேன்.

"பொழுது சாயறதுக்குள்ள ஆளு இங்க நிக்கணும். இல்லேன்னா அவங்கப்பாகிட்ட தட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன். அவ்ளோதான்." வைத்துவிட்டார்.

அங்கே நாகரசம்பட்டி ஜனமெல்லாம் பந்தலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. பாயையும் குவாலிட்டிக்காரியையும் செக்யூரிட்டியையும் வரிசையாக நிற்க வைத்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. ஒரு ஆளுக்கு எத்தனை பேர் பதில் சொல்வீர்கள்? அடப் பாவி என்று தோன்றியது. பிரிண்டரைக் கேட்டால் பதில் சொல்வது பிரிண்டர்தானா என்று நான் பார்க்கவே இல்லையே!

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும், அது கம்ப்யூட்டரோ பிரிண்டரோ, இரண்டு அடையாளம். ஒன்று ஐபி நம்பர், அது நாங்கள் கொடுப்பது. இன்னொன்று மேக் நம்பர், அது செய்யும்போதே உள்ளே பதிந்து வருவது. சர்வருக்குப் பிரிண்டரின் ஐபி மட்டும்தான் தெரியும். ஆனால் லேபிளை ஒயர் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க மேக் நம்பர் வேண்டும். அதனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். "இந்த ஐபி யாருது?" அந்த ஐபிக்குச் சொந்தக்காரன் மட்டும் "என்னுது, இதான் என் மேக்" என்று சொல்ல வேண்டும். சர்வர் அதைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொண்டு சரக்கை அங்கே அனுப்பும். இந்தக் கேள்வி பதிலுக்குப் பெயர்தான் ஏஆர்பி.

சர்வரில் அந்த ஞாபகப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பிரிண்டர் ஐபிக்கு நேரே ஒரு மேக் நம்பர். வருகைப் பதிவு மெஷினுக்கு நேரே அதே நம்பர். மேனேஜரின் கம்ப்யூட்டருக்கு நேரேயும் அதே. ஆளில்லாமல் சும்மா கிடக்கிற ஐபியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், அதற்கும் அதே நம்பர் "என்னுது" என்றது. யாருடைய நம்பர் அது? முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து மாட்டிவிட்டுப் போன புத்தம்புது ஃபயர்வால். கம்பெனிக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவில் காவலுக்கு இருக்க வேண்டிய பெட்டி, உள்ளே இருக்கிற ஒவ்வொருவனுக்கும் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தது!

அப்புறம் எல்லாம் புரிந்துவிட்டது. சர்வர் கேட்கும்போது பிரிண்டரும் பதில் சொல்கிறது, ஃபயர்வாலும் சொல்கிறது. எது கடைசியில் காதில் விழுகிறதோ அதை சர்வர் நம்புகிறது. எங்கள் ராசிக்குப் பெரும்பாலும் ஃபயர்வால்தான் ஜெயித்தது. ஜெயித்து வாங்கிய லேபிளையாவது பிரிண்டரிடம் கொடுக்கக் கூடாதா? வந்த வாசல் வழியாகவே திருப்பி அனுப்பக் கூடாது என்று அதற்குச் சட்டம். வாங்கிக் கீழே போட்டுவிட்டது. பிரிண்டரை அணைத்துப் போடும்போது மட்டும் ஏன் கொஞ்சம் லேபிள் வந்தது என்றால், தூங்கி எழுந்ததும் பிரிண்டர் தானாகவே "இந்த ஐபி என்னுது" என்று ஒரு கூவல் விடும். சர்வர் திருந்திக்கொள்ளும். அடுத்த தடவை ஃபயர்வால் குறுக்கே பேசுகிற வரைக்கும் லேபிள் வரும்.

இப்படி இன்னொருவனுக்காகப் பதில் சொல்கிற வேலைக்குப் பிராக்ஸி ஏஆர்பி என்று பெயர். ஃபயர்வாலுக்குள் போய் அதைத் தேடிப் பிடித்து மொத்தமாக அணைத்தேன். சர்வரின் பழைய ஞாபகத்தையும் அழித்தேன். பிரிண்டர் பேய் பிடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தது. டிஸ்பாட்ச்சில் விசில் பறந்தது. மாப்பிள்ளை பட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பித்தானைத் தப்புத் தப்பாகப் போட்டான். நானும் ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

கொஞ்ச நேரம்தான். மறுபடி நின்றுவிட்டது.

இந்தத் தடவை பிரிண்டர் நன்றாகத்தான் இருந்தது. அடிப்பதற்கு லேபிள்தான் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் அந்தக் கார் கம்பெனியிலிருந்து இன்டர்நெட் வழியாக எங்கள் சர்வருக்கு வர வேண்டும். வரவில்லை. பெங்களூர் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கன்னடம் வரும். கன்னடத்தில் திட்டினால் மட்டும் அது ஏனோ நலம் விசாரிப்பது மாதிரியே இருக்கிறது, எனக்கு அதில் நிறைய வருத்தம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மேடம், ஒளகடெ மாத்ர ஆஃப் மாடி. ஹொரகடெ பேட."

உள்பக்கம் மட்டும் அணையுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம் என்கிறார். நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கள் சர்வருக்கு வெளி உலகத்தில் ஓர் ஐபி உண்டு. ஆனால் அந்த ஐபி எந்தப் பெட்டியிலும் இல்லை. சர்வர் உள்ளே பத்திரமாக வேறு நம்பரில் இருக்கிறது. வெளியே இருக்கிற இன்டர்நெட்காரனுடைய ரூட்டர் "இந்த ஐபி யாருது?" என்று கேட்கும்போது, ஃபயர்வால் "என்னுது, எங்கிட்ட குடு" என்று வாங்கி உள்ளே சர்வரிடம் சேர்க்க வேண்டும். அங்கே அது பதில் சொன்னால்தான் பிழைப்பு நடக்கும். நான் அந்த வாயையும் சேர்த்து அடைத்துவிட்டேன். ரூட்டர் பழைய ஞாபகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கிறது, ஞாபகம் தீர்ந்ததும் நின்றுவிட்டது. அவர் போட்டுவிட்டுப் போன விதியில் எந்த வாசல் என்கிற இடத்தில் 'எல்லாம்' என்று இருந்தது. அதனால்தான் உள்ளேயும் வாய் வைத்திருக்கிறது. எந்த வாசல் என்று பார்த்துப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்றேன். "சாரி மேடம்" என்றார் அவர், தமிழில்.

விதியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் போன் அடித்தது. அடுக்குப் பக்கம் பாய் ஓடினார். நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றார். போனை நானே எடுத்து ஹலோ என்றேன்.

"அக்காங்களா? நான் வேப்பனப்பள்ளியிலேர்ந்து பேசறேன்." சின்னக் குரல். பெண்ணேதான். பின்னால் மேளக்காரர்கள் பொழுது போகாமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். "அவரு எங்க இருக்காருங்க? நெசமா சொல்லுங்க."

எனக்கும் நாக்கு நுனிவரை "வந்துனே இருக்காரும்மா" என்றுதான் வந்தது. விழுங்கினேன்.

"இங்கதாம்மா இருக்கான். என் கண்ணு முன்னாலதான் நிக்கிறான். பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு அழற மாதிரி நிக்கிறான். லேபிள் வரலை. லேபிள் ஒட்டாம லாரி போகாது, லாரி போகாம அவன் வர முடியாது. சூளகிரியும் இல்ல, டோல்கேட்டும் இல்ல. அதெல்லாம் எங்க ஆளுங்க நல்ல மனசுல சொன்ன பொய்யி."

சொல்லிவிட்டேனே தவிர, இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துவிட்டான்.

"எவ்ளோ நேரம் ஆகுங்கக்கா?" என்று கேட்டாள் அவள்.

"தெரியலம்மா. இப்ப சரியானா பொழுதோட வந்துடுவான். ஆகலைன்னா ஆகலைதான். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"சரிங்கக்கா. நீங்க வேலையைப் பாருங்க, இங்க நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் என்ன பார்த்துக்கொள்வாள், அவ்வளவு பெரியவர்கள் நடுவில்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்வாசலில் சும்மா இருக்க வேண்டும், வெளிவாசலில் பதில் சொல்ல வேண்டும் என்று ஃபயர்வாலுக்குச் சொல்லி முடித்தேன். நம்பர்கள் வர ஆரம்பித்தன. பிரிண்டர் அடித்தது. இம்முறை யாரும் கை தட்டவில்லை, தட்டினால் நின்றுவிடுமோ என்று பயம். மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து லேபிள் ஒட்டினோம். குவாலிட்டிக்காரி பாவம் தீர்க்கிற மாதிரி ஒட்டினாள். கடைசிப் பெட்டி ஏறியதும் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்பிள்ளே, ஏறு. குருபரப்பள்ளியில எறக்கி விடறேன். அங்கேர்ந்து வேப்பனப்பள்ளிக்கு உங்க ஆளு யாரையாச்சும் பைக்ல வரச் சொல்லு. பஸ்ஸுக்கு நின்னா கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவே."

பட்டுச் சட்டையோடு லாரியில் ஏறினான். ஏறிய பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போடா, போடா" என்று விரட்டினேன். நின்றால் அவன் அழுவான், அவன் அழுதால் நானும் அழுவேன்.

பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஜன்னல் வழியாக வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லாரி எங்கே போகிறதோ, பைக் வந்ததோ, அந்த மனிதர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரோ என்று என்னென்னவோ நினைப்பு. நான் சொன்ன உண்மையால் கெட்டுப்போனால் என்ன செய்வது என்றும் இருந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் டிஸ்பாட்ச் வாசலில் சும்மா நின்றார்கள். யார் போனும் அடிக்கவில்லை.

பொழுது சாய்ந்துவிட்டது. அப்போதுதான் என் போன் அடித்தது. மாப்பிள்ளை நம்பர். "என்னடா ஆச்சு?" என்று கத்தினேன்.

"அக்கா, நான்தாங்க" என்றது அந்தச் சின்னக் குரல். பின்னால் மேளம் இப்போது நிஜமாகவே முழங்கியது. "பொழுதுக்குள்ள வந்துட்டாருங்க. மாமா தட்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. நான் சொன்னேன், கம்பெனியிலதான் இருக்காரு, வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வர்ற ஆளு எனக்கு வேணாம், இவரு வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்னு. மாமா உக்காந்துட்டாரு. இப்ப வெத்தலை பாக்கு மாத்தியாச்சு."

"அவன் எங்கம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இங்கதான் எம்பக்கத்துல உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருக்காரு. இனிமே அவரு எங்க இருக்காருன்னு தெரியணும்னா என்னைக் கேளுங்கக்கா, நான் சொல்றேன்."